ரங்கூனில் ஒரு பொன்னாடை

1

தென்காசியில் பேருந்து மாறி மேலகரத்தில் இறங்கியதும் என் அண்ணனைப் பன்னிரண்டு அடி உயரத்தில் பார்த்தேன். பெர்த்திலிருந்து கிளம்பி இரண்டு விமானம், ஒரு ரயில், இரண்டு பேருந்து என்று வந்து சேர்ந்தவளுக்கு முதல் தரிசனம் அது. நிறுத்தத்துக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ். ‘பர்மா புனித யாத்திரையை வெற்றியுடன் நிறைவு செய்து திரும்பியுள்ள ஆன்மிகச் செம்மல்களை வருக வருக என வரவேற்கிறோம்.’

நடுவில் இருந்த படத்தில் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் பச்சை ராணுவச் சீருடையில் இருந்தார். நெஞ்சு நிறையப் பதக்கங்கள், இடுப்பில் துப்பாக்கி உறை. சுற்றிலும் யாத்திரை போன மற்றப் பதின்மூன்று பேரின் முகங்கள் வட்ட வட்டமாக. அடியில் பதினான்காவதாக இன்னொரு வட்டம். ‘விசா உதவி: எங்கள் ஆஸ்திரேலியா தங்கை செண்பகம்.’ யார் கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி எடுத்த என் முகம், வாயில் சோறோடு.

பக்கத்தில் நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அந்த மிலிட்டரிக்காரரு யாரு? கோயமுத்தூரு பக்கமா?” என்று கேட்டார். அவர் கூட வந்தவர், “ஏதோ வெளிநாட்டு மந்திரி போலுக்கு. அண்ணாச்சிக்கு எங்கன போனாலும் பெரிய இடத்துப் பழக்கந்தான்” என்றார்.

எனக்கு உடம்பு கூசியது. மரியாதையாக வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இந்தக் குறிப்புகளை அந்தக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். படிக்கிற ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

2

பெர்த்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ‘ஆஸ்பத்திரியில் பெரிய வேலை’ என்று அண்ணன் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறேன். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுப் போனேன். அதை ஏற்றுக்கொள்ள இன்னும் மூன்று தேர்வு எழுதச் சொன்னார்கள், பிறகு அதே சான்றிதழுக்கு இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். இருபத்தாறு வருடமாகப் பல் இல்லாதவர்களுக்குக் காரட் மசித்துக்கொடுக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் அண்ணனுக்குத்தான்.

அந்தச் சமையலறையில் பன்னிரண்டு வருடமாக என் பக்கத்து மேடையில் வேலை செய்கிறவள் நிலார். ரங்கூன்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தால் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பாள். என் மகள் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் தேங்காய்ப்பால் நூடுல்ஸ் செய்து கொண்டுவருவாள். எதைக் கேட்டாலும் சரி என்பாள். நாங்கள் பேசுவது எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஆங்கிலம். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நிலாரின் தம்பி பள்ளிக்கூட ஆசிரியன். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இனி இவர்களுக்குக் கீழே வேலை செய்யமாட்டேன் என்று பள்ளிக்குப் போகாமல் நின்றவர்களில் ஒருவன். வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் சிறையில்தான் இருக்கிறான். அம்மா அதே சந்தில், அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். நிலாரால் போய்ப் பார்க்க முடியாது. பெர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதாகை பிடித்து நின்ற அவள் படம் இணையத்தில் இருக்கிறது. “இறங்கினால் நேராகத் தம்பி பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்” என்பாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

அண்ணன் கோஷ்டி பர்மா போகிற செய்தியை இவளிடம்தான் நான் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன். அவள் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். இரண்டு நாள் கழித்து, “உன் ஊர்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள்?” என்று கேட்டாள்.

“கோவில் கோவிலாகப் போகிறவர்கள். அரசியலே தெரியாது” என்றேன். அதை நற்சான்றிதழாக நினைத்துத்தான் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

“அப்படியானால் ஒரு உதவி.”

அவள் அம்மாவுக்குக் கிட்டத்தில் பார்வை மங்கிவிட்டது. சிறையிலிருந்து எப்போதாவது வருகிற மகனின் கடிதத்தை யாரையாவது வைத்துப் படிக்கவேண்டியிருக்கிறது. எல்லோரிடமும் கொடுத்துப் படிக்கிற கடிதமா அது? நிலார் கண்ணின் அளவை வாங்கி, பெர்த்திலேயே கண்ணாடி செய்து வைத்திருந்தாள். தபாலில் போட்டால் வழியில் பிரித்துவிடுகிறார்களாம், போய்ச் சேருவதில்லை. கண்ணாடியையும் ஆறு மாதத்துக்கான ரத்த அழுத்த மாத்திரையையும் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தந்தாள். நான் அதைக் கூரியரில் அண்ணனுக்கு அனுப்பினேன்.

3

அண்ணன் சங்கரலிங்கம் வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கலெக்டர் வந்தால் எழுந்து நிற்பது, போனால் உட்கார்வது, இதற்கிடையில் கோப்பில் கையெழுத்துப் போடுவது. இப்போது யாத்திரைக் குழுத் தலைவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, அவரிடம் மட்டுமல்ல, எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் உண்டு. வெளியூர் கிளம்பினால் பெட்டியில் பத்துப் பொன்னாடை எடுத்து வைப்பார். விழாக்களில் அவருக்கு வந்தவைதான், பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கும். காசிக்குப் போனபோது ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போர்த்தினார். ராமேஸ்வரத்தில் விடுதி மேலாளருக்குப் போர்த்தினார். எவனாவது தொப்பி வைத்திருந்தால், பெல்ட் கட்டியிருந்தால், கூட இரண்டு பேர் பின்னால் வந்தால் போதும், அண்ணன் கை தானாகப் பைக்குள் போகும். போர்த்தி, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் அந்த ஆள் யார் என்றே விசாரிப்பார்.

பதினான்கு பேருக்கும் விசா படிவத்தை நான்தான் இணையத்தில் நிரப்பினேன். வீடியோ அழைப்பில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ‘ராணுவத்திலோ காவல் துறையிலோ பணியாற்றியது உண்டா?’ என்ற கேள்விக்கு ஓய்வு பெற்ற ஏட்டையா ஆறுமுகம், “ஆமான்னு பெருசா போடும்மா. நம்மள பாத்தா அவனுவளுக்கும் ஒரு மரியாதை வரும்லா” என்றார். கோவில் கொடை விழாச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிற மாரியப்பன், தொழில் என்ற இடத்தில் ‘நிருபர்’ என்றுதான் போடவேண்டும் என்று ஒரே பிடிவாதம். நிருபர் என்றால் உள்ளே விடமாட்டான் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ‘விவசாயம்’ என்று போட்டேன். ஒரு நாடு எதற்காக நிருபரை உள்ளே விடாது என்று அவரும் கேட்கவில்லை, நானும் நின்று யோசிக்கவில்லை. படிவத்தை முடிப்பதுதான் என் கவலை.

என் மகள் காவ்யா யோசித்தாள். இருபத்தொரு வயது, பல்கலைக்கழகம். கணினி மூடியில் ஒட்டாத கொள்கையே கிடையாது. “அம்மா, நீ செய்றது தப்பு. அவங்க குடுக்கிற விசா ஃபீஸ், ஹோட்டல், எல்லாம் ஆர்மிக்குத்தான் போகும்” என்றாள், முக்கால்வாசி ஆங்கிலத்தில். போன வருடம் விடுமுறைக்கு எந்தத் தீவுக் கடற்கரையில், யார் ஆட்சியில் போய் மல்லாந்து கிடந்தாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம் என்றேன். அவள் விடவில்லை. நேராக மாமாவிடமே சொல்கிறேன் என்று ஃபோனைப் பிடுங்கினாள்.

“மாமா, நீங்க போனா… அந்த ஆளுங்க… அது நாட் குட், மாமா.”

அண்ணன் சிரித்தார். “சரி தாயி, மாமா போயிட்டு வந்தா எல்லாம் குட்டாயிரும்.”

அவளுக்குச் சொல்ல இருந்ததற்குத் தமிழ் இல்லை. அவள் முகம் சிவந்து ஃபோனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். தமிழ் இருந்த நான் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை ஆரம்பித்தேன்.

“அண்ணே, அந்த நாட்டுல ரொம்பப் பேரப் புடிச்சு உள்ள வச்சிருக்கான். இப்பப் போகணுமா?”

“ஏட்டி, அப்பா பொறந்த ஊரு அது. எனக்கு எழுவது ஆவுது. அவன் ஆட்சி மாறட்டும்னு காத்துக்கிட்டு கெடந்தா நான் எப்பப் போக?”

ஜப்பான் சண்டைக் காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம் அப்பாவுடையது. மனிதர் சாகிற வரை அந்த ஊர்த் தெருப் பெயரை உளறிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்க்க ஆசைப்பட்டதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு வாயையும் பையையும் மூடிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

4

யாத்திரை முடிந்ததும் அண்ணன் பெர்த்துக்குப் பேசினார். அந்த வீட்டில் ஆள் இல்லை, பொட்டலம் தன்னிடமே இருக்கிறது, ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள் என்றார். நிலாரிடம் சொன்னேன். “பரவாயில்லை” என்றாள். அதற்குப் பிறகு நான் ஊருக்குக் கிளம்பும்வரை மூன்று வாரம் வழக்கம்போல ஒன்றாகக் காரட் மசித்தோம். படம் எதையும் அண்ணன் எனக்கு அனுப்பவில்லை. நேரில் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தாராம். அசந்துதான் போனேன்.

நான் வந்த மறுநாள் காலை குற்றாலத்தில் பாராட்டு விழா. சாரல் நன்றாக இறங்கியிருந்தது. பேரருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள், ஆகவே மண்டபத்தில் கூட்டம் கூடுதல். தண்ணீர் ஏறினால் போலீஸ்காரர் ஒரு விசில் ஊதுவார், துண்டைப் பிழிந்துகொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். எங்கள் ஆட்களுக்கு ராணுவ ஆட்சி என்றால் அதிகபட்சக் கற்பனை அவ்வளவுதான்.

முதலில் ஏட்டையா ஒலிவாங்கியைப் பிடித்தார். “டிசிப்ளின்னா என்னன்னு அங்கன போயி பாக்கணும்யா. ரோட்டுல ஒரு கூட்டம் கெடயாது, ஒரு ஊர்வலம் கெடயாது, ஒரு கோஷம் கெடயாது. ஆறு மணிக்கு மேல சனம் வீட்டுக்குள்ள அடங்கிருது. நமக்கும் அப்படி ஒரு ரெண்டு வருசம் வந்தாத்தான் சரிப்படும்.” கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் தெருவிளக்கு எரியவில்லை என்று போன வாரம் மறியல் செய்தவர்கள்.

அடுத்து மாரியப்பன். மக்கள் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள் என்றார். நாலு பக்கமும் துப்பாக்கி நிற்கிற இடத்தில் பயணியைப் பார்த்து வேறு எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று இந்த நிருபருக்குத் தோன்றவே இல்லை. பிறகு பொன்னாடைக் கதைக்கு வந்தார். ரங்கூனுக்கு வெளியே தமிழர் கோவில் ஒன்றில் விழா. பெரிய ராணுவ அதிகாரி வருகிறார் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லையாம். “அந்தக் கோவில் டிரஸ்டி, நம்ம ஆளுதான், அவரு தாத்தா காலத்துல போனவிய. அண்ணாச்சி போத்துனதப் பாத்து அவருக்கு சந்தோசம் தாங்கல. அப்படியே தலயக் குனிஞ்சிட்டாரு!”

தலையைக் குனிந்தவர் எதற்காகக் குனிந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மண்டபத்தில் வேறு யாருக்காவது தெரிந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

மாரியப்பன் நிறுத்தவில்லை. “மறுநாளு அங்கன உள்ள பேப்பர்லயே நம்ம போட்டோ வந்திட்டு! ஆனா நன்றி கெட்ட சனமும் உண்டு, சொல்லணும்லா. நம்ம செண்பகம் ஒரு கண்ணாடி குடுத்து உட்டிருந்தா. எவ்வளவோ அலஞ்சு அந்த வீட்டத் தேடிப் போனோம். ஒரு அம்மா கதவ லேசாத் தொறந்து அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா, பட்டுனு சாத்திட்டா. எவ்வளவு தட்டியும் தொறக்கல.”

நான் எழுந்து அண்ணனைக் கையைப் பிடித்து மண்டபத்தின் சமையல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“வீட்டுல ஆளு இல்லன்னு சொன்னீங்களே?”

“நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. கெழவி பயந்த சுபாவம் போலுக்கு.”

“பயப்படாம? அவ மகன உள்ள வச்சிருக்கவனுக்கு முந்துன நாளு பொன்னாட போத்திட்டு, மறுநாளு அவ வீட்டுக் கதவத் தட்டியிருக்கீங்க. பேப்பர்ல உங்க மூஞ்சி வந்திருக்கு. தெருவே பாத்துக்கிட்டு இருந்திருக்கும்.”

“அவன்தான் புடிச்சான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்? எவனோ ஒரு ஆபீசர்.”

“எவனோ ஒருத்தன்னு தெரிஞ்சா என்னத்துக்கு அண்ணே போத்துனீங்க?”

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏட்டி, நீ தூரத்துல இருந்துக்கிட்டு ஞாயம் பேசுத. வாசல்ல வந்து நிக்கான். சுத்தி எட்டுப் பேரு துப்பாக்கி வச்சிருக்கான். கோயில்காரவிய எல்லாரும் வரிசயா நின்னு கும்புடுதாவ. நான் மட்டும் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? கை தன்னால பைக்குள்ள போயிட்டு. நான் என்ன செய்ய?”

கும்பிட்டவர்கள் அங்கேயே வாழவேண்டியவர்கள், நீங்கள் இரண்டு நாளில் விமானம் ஏறுகிறவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்துவிட்டது.

5

“பதினாலு பேருக்கும் விசா வாங்கித் தந்த ஆஸ்திரேலியா தங்கச்சி செண்பகம் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம். தலைவர் அண்ணாச்சி பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்.”

மதினி பின்னாலிருந்து தள்ளினாள். “போ, போட்டோக்காரர் நிக்காரு.” ஏட்டையா கை கொடுத்து ஏற்றிவிட்டார். மேடையில் ஏறும்வரை வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறேன் என்று உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லவேண்டும் என்பதுகூடத் தயாராக இருந்தது. நீங்கள் அங்கே செய்தது அசிங்கம், நான் அதற்குப் படிவம் நிரப்பியது அதைவிட அசிங்கம், இரண்டு வாக்கியம்தான்.

அண்ணன் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரே வந்தார். சமையல் பக்கம் சுருங்கிய முகம் இன்னும் சரியாகவில்லை. என்னைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்தார். முன்வரிசையில் சொந்தக்காரர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், நாளைக்கு நான் யார் வீட்டில் காப்பி குடிக்கவேண்டுமோ அவர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

யாரும் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. அண்ணனுக்காவது எட்டுத் துப்பாக்கிகள் சாக்கு இருந்தது. எனக்கு மதினியும் ஒரு போட்டோக்காரரும் போதுமாக இருந்தது. ஊர்க்காரர்களைப் பற்றி மேலே நான் வாரி இறைத்த அத்தனையும் எனக்கும் சேரும், எழுதியவள் என்பதால் ஒரு பிடி கூடுதலாகவே சேரும். கைதட்டல் ஓய்ந்ததும் “தேங்க்ஸ்” என்று வேறு சொன்னேன்.

6

மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று நிலாருக்குப் பேசினேன். பெர்த்தில் மதிய உணவு முடிந்து அவளுக்கு ஓய்வு நேரம். எச்சில் தட்டுகள் கழுவுகிற சத்தம் ஃபோனில் கேட்டது. இங்கே சாரல் சாய்வாக அடித்து என் புடவையின் ஓரம் நனைந்துகொண்டிருந்தது.

“நிலார், உன் அம்மா வீட்டில்தான் இருந்திருக்கிறாள். என் அண்ணன் பொய் சொல்லிவிட்டார்.”

“தெரியும்.”

“ஒரு படம்…”

“பார்த்தேன். அவர்கள் அங்கே இருக்கும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோர் ஃபோனிலும் வந்தது. அவர்கள் வந்தால் கதவைத் திறக்காதே என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். எங்கள் சந்தில் நாலு வீட்டுப் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பவர் வந்து அம்மாவிடம் பொட்டலம் கொடுத்தால், நாளையிலிருந்து அந்தச் சந்தில் அம்மாவோடு யார் பேசுவார்கள்?”

மூன்று வாரம். பக்கத்து மேடையில் நின்று, ஊர்ப் பயணத்துக்கு என்ன வாங்கினாய் என்று கேட்டு, சாக்லேட் டப்பா ஒன்று அவளே வாங்கித் தந்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“அவர் உன் அண்ணன். நீ ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருந்தாய்.”

“அந்த அதிகாரி யார் என்றே அவருக்குத் தெரியாது, நிலார். சத்தியமாகத் தெரியாது.”

அவள் கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல: “தெரிந்திருந்தால் போர்த்தியிருக்க மாட்டாரா?”

மாட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே ஏட்டையாவுக்கு யாரோ போர்த்துகிறார்கள் போல, மறுபடி கைதட்டல் கேட்டது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். என்ன விழா என்று அவள் கேட்கவில்லை.

“கண்ணாடி உடையாமல் இருக்கிறதா?” என்றாள்.

“இருக்கிறது.”

“அதை மட்டும் திரும்பக் கொண்டு வா. அம்மா கடிதங்களைப் படிக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள். மூன்று சேர்ந்துவிட்டது.”

ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இருக்கிறார், தேக்கு மரம் விஷயமாக ரங்கூன் போய்வருகிறவர், அங்கே பெரிய இடத்துப் பழக்கம் உண்டு, நல்ல மனிதர், நான் அவரிடம் கேட்டு எப்படியாவது அனுப்பி வைக்கிறேன் என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

“வேண்டாம்” என்றாள் நிலார்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம் அது.